நான்கெல்லைக்கு உட்பட்டது

மின்விசிறியை அணைக்கச் சொன்னது நான்தான்.
தாள் பறக்கும்.
நூற்றுப் பத்து பிளாஸ்டிக் நாற்காலியும்
ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தன.
பாளையங்கோட்டையில் அக்டோபர் வந்தும்
வெயில் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

எப்சிபா பல் டாக்டர்.
காலையில் முருகன்குறிச்சியில்
கடைவாய்ப்பல் பிடுங்கிய விரல்கள்
சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில், பியானோ முன்னால்.
"ஒண்ணு மட்டும் சொத்தை" என்றாள்
நடுவிலிருந்து வலப்புறம் மூன்றாவது கறுப்பைத் தொட்டு.
அமுக்கினால் எழாது.

நான் அவளுக்குப் பக்கம் புரட்டுகிறவன்.
வேலை, பத்திரம் எழுதுவது.
மேலப்பாளையம் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் எதிரே மேசை.
கிழக்கே இன்னார் வயல், மேற்கே வாய்க்கால்,
தெற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னொரு இன்னார்.
நாலு பக்கமும் கட்டாமல்
ஒரு சென்ட் நிலத்தையும் வெளியே விட்டதில்லை.
கோயில் பாடகர் குழுவில் கற்ற நொட்டேஷன் உண்டு;
முந்நூறு வருஷம் முந்தி ஜெர்மன்காரர் எழுதியதும்
எனக்குப் பத்திரமாகத்தான் தெரியும்.
எங்கே திரும்பணும், எதுவரைக்கும் பாத்தியம்,
எல்லாம் எழுதியிருக்கிறது.

முன்வரிசையில் ஒருவர் பக்கத்தாளிடம்:
"பாடுதவ யாருவே? இன்னும் வரலியோ?"

மூன்றாவது உருப்படி.
ஐந்தாம் பக்கம் முடியப் போகிறது. எழுந்தேன்.
வேர்வை விரல்.
இரண்டு தாள் ஒன்றாய் ஒட்டி வந்து
ஐந்துக்கு அடுத்து எட்டு.

எப்சிபா நிற்கவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
இடதுகை தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க
வலதுகை ஒரு நாலு கட்டம்
எந்தத் தாளிலும் இல்லாத வழியில்
இறங்கி, தயங்கி,
அந்தச் சொத்தைக் கறுப்பைச் சுற்றிக்கொண்டு போய்,
நான் நகத்தால் தாளைப் பிரித்து முடித்ததும்
ஆற்றில் ஒரு துறையைத் தவறவிட்டவன்
அடுத்த துறையில் கரையேறுவதுபோல
ஆறாம் பக்கத்தில் ஏறினாள்.

கைதட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை
என்றுதான் நினைத்தேன்.

சுக்குக் காபி, காராச்சேவு, பத்து நிமிஷம்.
"இனி தாள் கிடையாது, அண்ணாச்சி.
விசிறியைப் போடச் சொல்லுங்க."
அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

நோட்டீஸில் ஜாஸ் என்று போட்டிருந்தது.
மணிமுத்தாறு பட்டாலியன் பேண்டில்
சாக்ஸபோன் ஊதும் ஏட்டு ஆறுமுகநயினார், மப்டியில்.
ஸ்பேர் பார்ட்ஸ் கடை மைதீன்பிச்சை
இரண்டு கம்பித் துடைப்பத்தால்
டிரம்மைப் பெருக்கத் தொடங்கினான்,
தூசியே இல்லாத இடத்தை, மறுபடி, மறுபடி.

நான் ஸ்டூலில். கை மடியில்.
நடு மேடை; எழுந்து போகவும் முடியாது.
என் கண்ணுக்கு முழுப் புறம்போக்கு.
பட்டா இல்லை, சர்வே நம்பர் இல்லை,
ஆளாளுக்கு வேலி தாண்டுகிறார்கள்,
ஏட்டே தாண்டுகிறார்.

எண்ணிப் பார்த்தேன். பழக்கதோஷம்.
பன்னிரண்டு கட்டம். திரும்ப ஒன்று.
அதற்குப் பின்னும் பன்னிரண்டு.
கல் நட்டுத்தான் இருக்கிறார்கள்,
மண்ணுக்குள்ளே.

ஆறாவது சுற்றோ, ஏழாவதோ,
ஏட்டு கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்:
இறங்கி, தயங்கி, எதையோ சுற்றிக்கொண்டு.
அந்த நாலு கட்டம்.
என் வேர்வையில் பிறந்தது.
சாக்ஸபோனில் சொத்தை கிடையாது.
ஆனாலும் அந்த இடத்தில்
சுற்றித்தான் போனார்.

எப்சிபா வாய்விட்டுச் சிரித்ததில்
ஒரு தாளம் சிந்தியது.
பிச்சை அதையும் கூட்டி அள்ளிக்கொண்டான்.

"இனிமே அவ வரமாட்டா வே" என்றார் முன்வரிசைக்காரர்,
சொல்லிவிட்டு
நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை. சீவலப்பேரிக் கிரயம், நாற்பத்திரண்டு சென்ட்.
மூன்று எல்லை எழுதியாயிற்று.
வடக்கே வாய்க்கால், ஆனால் நேராக இல்லை என்றார் பார்ட்டி.
"எப்படிப் போகுது?" என்றேன்.
மேசைமேல் விரலால் போட்டுக் காட்டினார்.
இறங்கியது. கொஞ்சம் நின்றது.
"இந்தா, இந்த இடத்துல மட்டும் சுத்திப் போவும்."

அப்படியே எழுதினேன்.